மணல் வாளிக்குக் காவல்

மார்ச் 11, செவ்வாய். இன்றைய தவறு: மீட்டரின் சிவப்பு ஒயரை ஆம்பியர் துளையிலிருந்து பிடுங்கி வோல்ட் துளையில் செருக மறந்தேன்... இல்லை, மறந்தேன் என்று எழுதக் கூடாது, மறந்தேன் என்றால் ஏதோ குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்ததுபோல் இருக்கிறது, செருகவில்லை என்றுதான் எழுத வேண்டும், செருகாமலேயே பேட்டரியில் முனையை வைத்தேன், அவ்வளவுதான் தவறு, ஒரு வரியில் அடங்கிவிடும், அடங்கிவிடுமா... மாலை வகுப்பில் ஆளுக்கொரு செய்முறை டயரி போடச் சொல்லியிருந்தார்கள், அன்றன்றைக்கு ஒரு தவறு, அதன் காரணம், மறுநாள் வேலை, வகுப்பில் பாதிப் பேர் பஸ்ஸில் வரும்போதே ஒரு வாரத்துத் தவறுகளை மொத்தமாகக் கற்பனை செய்து எழுதி முடித்துவிடுவார்கள், அவள்தான் ஒவ்வொரு நாளும் ஈரும் பேனும் பார்ப்பதுபோல் உட்கார்ந்து உண்மையான தவறைத் தேடுவாள், சில நாள் கிடைக்காது, கிடைக்காததே என் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறாள், அதைப் படித்துவிட்டுப் பக்கத்துப் பெஞ்சுக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். இன்று தேட வேண்டியதில்லை. தவறு கண்ணெதிரே, கடைக்குப் பின்னால் வெட்டவெளியில், மணல் வாளிக்குள் அந்தப் பேட்டரியாகக் குந்தியிருக்கிறது, அதற்குக் காவலாக அவள் பிளாஸ்டிக் ஸ்டூலில் குந்தியிருக்கிறாள், வலது கட்டைவிரலில் ஈரத்துணி, டயரி உள்ளே பையில், அதனால் மனதுக்குள்ளேயே எழுதி மனதுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருக்கிறாள்.

தீயணைக்க என்று வைத்த வாளிதான் அது, வைத்த நாளிலிருந்து அதில் சிகரெட் துண்டும் டீ கப்பும் தவிர வேறு எதுவும் அணைந்ததில்லை, இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பிறந்த வேலையைச் செய்கிறது... முதலாளி போனில் சொல்லிவிட்டார், அதைத் தனியா விடாதீங்க, சூடு அடங்கின மாதிரி இருக்கும், திரும்பப் பத்திக்கும், நான் வர்ற வரைக்கும் யாராவது ஒருத்தர் பக்கத்துல இருங்க, செவுத்துக்கிட்ட வெக்காதீங்க. யாராவது ஒருத்தர் என்றால் யார், எல்லோரும் ஒரே நேரத்தில் அவளைத்தான் பார்த்தார்கள், வாடகைக் கவுண்டரில் இருக்கும் அக்கா வாயில் பாக்குப் பொட்டலம் பிரிப்பதுபோல் ஒரு சிரிப்போடு சொன்னாள், "காலேஜே உக்காரட்டும்பா. நாங்க எல்லாம் உக்காந்தா அந்த பேட்டரிக்கு மரியாதை இல்ல, படிச்ச ஆளு பக்கத்துல இருந்தாத்தான் அது அடங்கி இருக்கும்." மாலை வகுப்புக்குப் போக ஆரம்பித்த முதல் வாரமே அவளுக்கு காலேஜ் என்று பெயர் வைத்தவள் இவள்தான், கேலிதான், ஆனால் கெட்ட கேலி இல்லை, விரலில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டதும் இவள்தான், சுற்றும்போது கை நடுங்கியது, அவள் கை அல்ல, கவுண்டர் அக்காவின் கை. மனசு சொல்லுதுடி இது நல்லதுக்கில்லன்னு, என்று முணுமுணுத்துக்கொண்டே முடிச்சுப் போட்டாள்.

நடந்ததை வரிசையாக அடுக்க வேண்டும், வரிசையாக அடுக்கினால்தான் எந்த இடத்தில் சறுக்கியது என்று தெரியும்... நிலம் அளக்கும் லெவல் மெஷின், சுவர் துளைக்கும் டிரில் மெஷின், இப்படிப் பேட்டரியில் ஓடும் கருவிகளை வாடகைக்கு விடும் கடை இது, சைட்டிலிருந்து பேட்டரிகள் சிமெண்டும் சேறுமாகத் திரும்பி வரும், அவள் அதைத் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து, மீட்டரில் வோல்ட் அளந்து, நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கர், சந்தேகத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர், அதுதான் அவள் வேலை. காலையில் ஒரு சார்ஜர் மேல் சந்தேகம் வந்தது, ராத்திரி முழுக்கப் போட்டும் பேட்டரி நிறையவில்லை, சார்ஜர் எவ்வளவு கரண்டு தருகிறது என்று அளக்க சிவப்பு ஒயரை ஆம்பியர் துளைக்கு மாற்றினாள், அளந்தாள், சார்ஜர்தான் குற்றவாளி, தனியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம், அந்தச் சந்தோஷம்தான் கெடுத்ததோ, அதே கையோடு டிரில் மெஷின் பேட்டரிகளின் வரிசைக்குத் திரும்பி, மீட்டரின் குமிழை வோல்ட்டுக்குத் திருப்பினாள், ஒயரைத் திருப்பவில்லை. வோல்ட் துளையில் ஒயர் இருந்தால் மீட்டர் எட்ட நின்று பார்க்கும். ஆம்பியர் துளையில் இருந்தால் மீட்டரே பாதையாகப் படுத்துக்கொள்ளும், பேட்டரிக்குள் இருப்பதெல்லாம் அதன் மேல் ஏறி ஓடிவிடும், குமிழ் எங்கே இருந்தால் என்ன. இது எல்லோருக்கும் வரும் தவறு, வகுப்பில் முதல் வாரமே இருவர் செய்தார்கள், உள்ளே டப் என்று ஒரு சத்தம், மீட்டர் சும்மா விழித்துக்கொண்டு நின்றது, வகுப்பே சிரித்தது, பின்பக்கத்தைக் கழற்றி அறுந்த ஃபியூஸை எடுத்து வேறொன்று போட்டார்கள், அத்தோடு முடிந்தது. அதற்காகத்தானே அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு ஃபியூஸ், நம் முட்டாள்தனத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்து ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான், இவள் ஒருநாள் மறப்பாள், மறந்தால் அறுந்துபோ என்று...

ஆனால் இன்று டப் என்ற சத்தம் வரவில்லை. கறுப்பு ஒயர் கிளிப்பாகப் பேட்டரியைக் கவ்வியிருந்தது, சிவப்பு முனையை வைத்ததும் பளீரென்று ஒரு வெளிச்சம், முனை வெல்டு வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டது, இழுத்தாள், வரவில்லை, ஒயரின் தோல் பளபளத்து, தொய்ந்து, வெல்லப்பாகுபோல் ஒரு சொட்டு கட்டைவிரலில் விழுந்தது, விட்டுவிட்டு ஓடு என்று கால் சொன்னது, ஓடினால் இது மேஜையில் கிடந்து எரியும், மேஜையில் வரிசையாக மற்ற பேட்டரிகள், அதற்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகள்... மர ஸ்கேலை எடுத்து ஓங்கித் தட்டினாள், ஒருமுறை, இன்னொருமுறை, முனை பிய்ந்து வந்தது, பேட்டரி அதற்குள் கொதித்து, ஒரு மூலையில் ஸ் என்று மூச்சு விட ஆரம்பித்திருந்தது, நகப்பூச்சு அழிக்கும் தண்ணீர்போல் இனிப்பான ஒரு நாற்றம். இடுக்கியால் தூக்கி வெளியே கொண்டுவந்து மணலில் போட்டு மேலே மணலைத் தள்ளியதும் அவள்தான். இதையெல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறாள். ஆனால் டயரியில் சரியாகச் செய்ததை எழுத இடம் இல்லை.

அப்புறம்தான் மீட்டரைத் திறந்தாள்... திறந்திருக்க வேண்டாமோ, திறக்காமல் குப்பையில் போட்டிருந்தால் தவறு ஒரு வரியிலேயே நின்றிருக்கும், திறந்தது கெட்ட பழக்கமா நல்ல பழக்கமா, எதையும் திறந்து பார்த்தால்தான் நிம்மதி என்று ஒரு பிறவிக் குணம். பின்மூடியின் திருகாணிகள் ஏற்கெனவே தலை தேய்ந்திருந்தன, யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள், உள்ளே கரி, ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஃபியூஸ் இல்லை, நல்ல தடிமனாக ஒரு செம்புக் கம்பி, இரண்டு முனையிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, அந்த ஈயம் இருக்கிறதே, கரிக்கு நடுவிலும் இரண்டு முத்துபோல உருண்டையாக, ஒழுகாமல், பிசிறில்லாமல், இந்தக் கடையில் இவ்வளவு அழகாக ஈயம் வைக்க ஒரே ஒருவரால்தான் முடியும். பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். அத்தான். கூடப்பிறந்த அக்காவின் கணவர், சர்வீஸ் பெஞ்சின் தலைவர், அவளை இந்தக் கடையில் சேர்த்துவிட்டவர், அவள் தங்கியிருப்பது அவர் வீட்டில், சாப்பிடுவது அவர் வீட்டுச் சோறு. "மூடு அதை" என்றார். சத்தம் போடவில்லை, கோபப்படவில்லை, ஏதோ குழந்தை தூங்குகிறது என்பதுபோல் சொன்னார்.

மூடினாள். அதுதான் முதலில் செய்தது, கை தானாக மூடியது, வாய் அதற்கப்புறம்தான் திறந்தது, "இது ஏன் அத்தான் இப்படி" என்று, ஏன் இப்படி என்று கேட்டாளே தவிர, யார் இப்படி என்று கேட்கவில்லை, அதிலேயே பாதி தோற்றாகிவிட்டது. அத்தான் ஒரு ஸ்குரூ டிரைவரால் நகத்துக்குள் இருந்த அழுக்கை எடுத்துக்கொண்டே பேசினார், "அந்த ஃபியூஸ் இங்க எங்கயும் கெடைக்காது. எழுதிக் குடுத்தா வர்றதுக்குள்ள மழைக்காலம் வந்துரும். அதுவரைக்கும் மீட்டர் இல்லாம வேலையை நிறுத்தச் சொல்றியா? தற்காலிகமாப் போட்டது. அப்படியே நின்னுருச்சு." பிறகு, கொஞ்சம் தள்ளி நின்று, பாடம் கேட்கும் வாத்தியார்போல், "சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ ஒயரை ஒழுங்காக் குத்தியிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? சொல்லு." நடந்திருக்காது. அதுதான் கொடுமை, அவர் சொன்னதில் பொய் இல்லை, எங்கே தட்டிப் பார்த்தாலும் கெட்டியாக இருக்கிறது அந்தக் கேள்வி, அவள் ஒயரை ஒழுங்காகக் குத்தியிருந்தால் செம்புக் கம்பி உள்ளே நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கும், யாருக்கும் தெரியாமல், நாளைக்கும், அடுத்த மாதமும்... "முதலாளி கேட்டா உன் கைத்தப்புன்னு சொல்லிடு. நீ கத்துக்கிற ஆளு, ரெண்டு திட்டு திட்டுவாரு, விட்ருவாரு. எனக்கு அப்படி இல்ல. நான் பெஞ்சுக்குப் பொறுப்பு. என்னை வெளிய அனுப்பினா உங்க அக்கா நெலைமையை யோசி." அக்கா நிலைமை. அக்கா என்ற சொல்லை அவர் ஒரு திருகாணிபோலச் சரியான இடத்தில் வைத்துத் திருகிவிட்டுப் போனார்.

மணலில் ஒரு சின்னக் குழி விழுந்திருக்கிறது, பேட்டரியின் மூலைக்கு நேராக, முன்பே இருந்ததா இப்போது விழுந்ததா... ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள், வாளிக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் இடைவெளி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புகை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாம் பார்த்து வைத்தாயிற்று, இவ்வளவு பார்த்து வைக்கிறவள் ஒரு ஒயரை மாற்றிக் குத்தவில்லை பார், பார்த்து வைப்பதெல்லாம் பயத்தால்தான், தெரிந்துகொண்டதால் அல்ல, வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவதும் பயத்தால்தான். கடையில் இன்னும் மூன்று மீட்டர்கள் இருக்கின்றன. அந்த எண்ணம் ஏற்கெனவே வந்து வாசலில் நின்றிருந்தது, உள்ளே விடாமல் வைத்திருந்தாள், இப்போது வந்துவிட்டது. அத்தானிடம் கேட்டாள்தானே, மத்ததுலயும் இப்படியா என்று, "இது ஒண்ணுதான்" என்றார், உடனே சொன்னார், கொஞ்சம் அதிகமாகவே உடனே. வெளியிலிருந்து பரிசோதிக்க முடியுமா என்று மனதுக்குள் ஒரு மீட்டரை எடுத்து இன்னொரு மீட்டரின் ஆம்பியர் துளையில் முனையை வைத்துப் பார்த்தாள், அறுந்த ஃபியூஸ் என்றால் காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் நல்ல ஃபியூஸும் செம்புக் கம்பியும் ஒரே எண்ணைத்தான் காட்டும், இரண்டும் கரண்டை விடும், நல்ல நாளில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எது ஃபியூஸ், எது கம்பி என்பது ஏதாவது நடந்தால்தான் தெரியும், அல்லது முதுகைத் திறக்க வேண்டும். முதுகைத் திறக்க அத்தானின் பெஞ்சுச் சாவி வேண்டும், மீட்டர்கள் அவர் டிராயரில்.

அப்படியானால் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது... கவனக்குறைவு, அது எப்போதும் கைவசம் இருக்கும் சொல், எதற்கும் பொருந்தும், மாதம் முழுக்க அதைத்தான் எழுதியிருக்கிறாள். என் தவறு சின்னது, அது சின்னதாகவே முடியவேண்டிய தவறு, பெரிதாக்கியது வேறொருவர் கை என்று எழுதினால் டயரி படிக்கிற ஆசிரியர் என்ன நினைப்பார், பழியைத் தள்ளிவிடுகிறாள் என்று நினைப்பார், அவளே அப்படித்தான் நினைக்கிறாள், இதோ விரலில் இருக்கிற துணிக்கு அடியில் கொப்புளம் ஒரு பக்கம் துடிக்கிறது, அது சொல்கிறது கம்பி என்று, மண்டை சொல்கிறது ஒயர் என்று. இந்தப் படிப்பு முடிந்ததும் சர்வீஸ் பெஞ்சில் உட்கார வைக்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார், போன மாதம்தான், எல்லோர் முன்னாலும், அத்தான் அப்போது கைதட்டினார், வீட்டில் போய் அக்காவிடம், உன் தங்கச்சி எனக்கே போட்டியா வரப்போறா என்று சொல்லிச் சிரித்தார், அக்கா பெருமையாக, உங்களுக்கு யாருங்க போட்டி, நீங்க கை வெச்சா எதுவும் நிக்காம ஓடுமே என்றாள். அக்கா எப்போதும் அப்படித்தான் பேசுவாள், கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, இன்றும் தீரவில்லை, எதிர்வீட்டு ஃபேன், மாடிவீட்டு ரேடியோ, எது நின்றாலும் அத்தானைத்தான் அனுப்புவாள், ஓடவைத்துவிட்டு வருவார், ஓடிவிட்டது என்பதற்கு மேல் யாரும் எதையும் கேட்பதில்லை. தானும் கேட்டதில்லை.

பின்கதவு திறந்து கவுண்டர் அக்கா எட்டிப் பார்த்தாள், கிட்டே வரவில்லை, கதவையே கேடயம்போல் பிடித்துக்கொண்டு, "என்ன காலேஜ், குஞ்சு பொரிச்சிருச்சா?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது, இந்த நேரத்திலும் சிரிப்பு வருகிறது, இன்னும் இல்லக்கா, அடைதான் காக்கிறேன் என்றாள். "காக்கறது காத்துக்க, ஆனா எதுக்கும் கொஞ்சம் தள்ளியே உக்காரு. முதலாளி வண்டி வந்துருச்சு, மூஞ்சி சரியில்ல." கதவு சாத்திக்கொண்டது. சரி. இப்போது. உடல் தானாக எழுந்து நின்றது, வாக்கியத்தை எடுத்து ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், சார், ஒயரைத் தப்பாக் குத்தினது நான், ஆனா மீட்டர்ல ஃபியூஸ் இல்ல. முதல் பாதி வழுக்கிக்கொண்டு வருகிறது, இரண்டாம் பாதி நகர மாட்டேன் என்கிறது, ஆனா என்ற இடம்தான், அந்த ஒரு சின்னச் சொல்லைத் தாண்டினால் அப்புறம் எல்லாம் தானாக வந்துவிடும்...

முதலாளி முன்னால், அத்தான் பின்னால். முதலாளி வாளியைச் சுற்றி ஒருமுறை நடந்தார், குனிந்து புறங்கையை மணலுக்கு மேல் வைத்துப் பார்த்தார், கெட்டவர் இல்லை, விரலை முதலில் கேட்டார், ஆஸ்பத்திரிக்குப் போனியா என்றார், போகலை சார், சின்னதுதான். "என்ன ஆச்சு?" அத்தான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அக்கறையாக, பேட்டரிக்குக் காய்ச்சல் அடிப்பதுபோல். "சார், சிவப்பு ஒயர் ஆம்பியர் துளையிலேயே இருந்துது, நான் மாத்திக் குத்தலை, அப்படியே பேட்டரியில வெச்சுட்டேன்." சொன்னாள். எல்லாம் சரியான வரிசையில், ஒரு சொல் பிசகாமல். பிறகு, ஆனா... முதலாளி காத்திருந்தார், காத்திருந்தார் என்பதுதான் இப்போது நினைக்க நினைக்க எரிகிறது, மீட்டருக்குள்ள ஃபியூஸ் இருக்குமே, அது போகலையா என்று அவரே கேட்டார், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் கேட்டார், அத்தான்தான் முந்திக்கொண்டார், "பழைய மீட்டர் சார், உள்ள எல்லாம் உருகிப்போச்சு, ஒண்ணும் தெரியலை, தூக்கிப் போட்டுட்டேன்." தூக்கிப் போட்டாயிற்றா, எப்போது, அவள் இங்கே வாளிக்குக் காவல் இருக்கும்போது, ஆமாம், அவளை இங்கே உட்காரவைத்ததில் அப்படியும் ஒரு வசதி. முதலாளி அவளைப் பார்த்தார், "அப்படியா?" என்றார். அவளிடம்தான் கேட்டார். அவள் தலையாட்டினாள், வாய்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை, ஒரு பொய்க்கு எவ்வளவு குறைவாக உழைத்தால் போதும் என்று ஆச்சரியமாக இருந்தது.

"பெஞ்சுல உக்காரவெக்கலாம்னு நெனைச்சேன்" என்றார் முதலாளி, திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை, "பாக்கலாம், கொஞ்ச நாள் போகட்டும். இனிமே நீ மீட்டரைத் தொட வேண்டாம். நாளையிலேருந்து கவுண்டர்ல உக்காரு. பேட்டரி பாக்கற வேலையைக் கவுண்டர் அம்மா பாக்கட்டும், அவங்க நிதானமானவங்க." அத்தானைப் பார்த்து, வேறொரு மீட்டர் எடுத்து அவங்களுக்குச் சொல்லிக் குடு என்றார். குடுத்துடறேன் சார் என்றார் அத்தான். முதலாளி உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், அடங்கிவிட்டது, ஒரு வரியில் அடங்கிவிட்டது. கவுண்டர் அக்கா, டிவி ரிமோட்டுக்குப் பேட்டரி போடத் தெரியாமல் அவளைக் கூப்பிடுகிறவள், கறுப்பு எது சிவப்பு எது என்று கேட்டால் சேலையைச் சொல்லுவாள், நாளைக் காலை டிராயரிலிருந்து ஒரு மீட்டர் அவள் கைக்குப் போகும், அவள் ஒருநாள் மறப்பாள், எல்லோரும் ஒருநாள் மறப்பார்கள்... அந்த நடுங்குகிற கை.

அத்தான் நின்றார். முகம் லேசாகியிருந்தது, பேன்ட் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார், வாங்கிக்கொண்டாள், அதையும் வாங்கிக்கொண்டாள், "நல்ல பொண்ணு" என்றார், "நான் உனக்கு இதை மறக்கமாட்டேன். மெதுவா முதலாளிகிட்டப் பேசி உன்னைத் திரும்ப உள்ள கொண்டுவர்றது என் பொறுப்பு." பொறுப்பு. "மத்த மூணு மீட்டரையும் ஒருதடவை திறந்து பாத்துரலாமா அத்தான்?" என்று கேட்டாள், தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம், அவ்வளவு சின்னதாக வந்தது. அவர் சிரித்தார், தோளில் தட்டுவதுபோல் கையைக் கொண்டுவந்து காற்றிலேயே தட்டினார், "அட, உனக்கு ஒரு சந்தேகம் போனா இன்னொரு சந்தேகம். அதான் ஒண்ணுதான்னு சொன்னேன்ல? ஆங், வீட்டுல அக்காகிட்ட எதுவும் சொல்லாத, பயந்துக்குவா. விரல் என்னன்னு கேட்டா இஸ்திரிப் பெட்டி பட்டுருச்சுன்னு சொல்லு." போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

இஸ்திரிப் பெட்டி... பொருத்தமான பொய்தான், கொப்புளம் அப்படித்தான் இருக்கும், அக்கா நம்புவாள், மருந்து தடவுவாள், எப்போ தேச்சே என்று கேட்டால், காலையில, நீ குழந்தையைக் குளிப்பாட்டும்போது என்று சொல்லலாம், காலையில் உண்மையாகவே தேய்த்தாள், தன் துணியும் அத்தான் சட்டையும், அக்கா தண்ணீர் காயவைக்கும் ஹீட்டரைப் போட்டிருந்தாள், அடுப்படியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, மூன்றும் ஒன்றாக, எப்போதும்போல. மாடிவீட்டில் அப்படிப் போட முடியாது, அங்கே இஸ்திரியோடு ஹீட்டரைப் போட்டாலே ஃபியூஸ் போய் இருட்டாகிவிடும், மாடிவீட்டுக்காரி படியில் நின்று, எங்க வீட்ல மட்டும் ஏந்தான் இப்படிப் போகுதோ என்று அலுத்துக்கொள்வாள், அக்கா கீழே இருந்து, எங்க வீட்ல என்ன போட்டாலும் அசையாது, அவரு வேலை அப்படி என்பாள், அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், அவளும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறாள்... அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூட ஃபியூஸ் போனதில்லை. ஒருமுறைகூட. கதவுக்குப் பின்னால் துணி மாட்டுகிற ஆணிகள், ஆணிகளுக்கு மேலே அந்த ஃபியூஸ் பலகை, வெள்ளைப் பீங்கான் கட்டைகள், சில நாள் அந்தப் பக்கம் போகும்போது சுவர் வெதுவெதுவென்று இருக்கும், சமையல்கட்டுக்கு அந்தப் பக்கம்தானே, அதனால்தான் என்று நினைத்தோம், யார் நினைத்தது, நினைத்தோமா, அத்தான் சொன்னாரா... கதவுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் கட்டில். எங்க வீட்ல அசையாது என்பதை அக்கா ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஆசையாகச் சொல்லுவாள். வாளியில் மணல் அசையவில்லை. கை வைத்துப் பார்த்தாள், ஆறியிருந்தது, மேலே ஆறியிருந்தது.

நாளைய வேலை: காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் மெயினை அணைத்து, வீட்டு ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிப் பார்ப்பது. கவுண்டர் அக்கா வருவதற்குள் கடைக்குப் போய், மூன்று மீட்டர்களின் பின்மூடியையும் திறப்பது. டிராயர் பூட்டியிருந்தால் சாவியைக் கேட்பது.